முறைக்கு அண்ணன்

காலை ஏழு மணிக்கெல்லாம் விக்டோரியா கூண்டுகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை இழுத்துப் போட்டுப் பினாயில் ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். ரப்பர் பூட்ஸ், கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டால் அவளை அவள் மகள் மோனிகாவுக்கே அடையாளம் தெரியாது. குரங்குகளுக்குத் தெரியும். மூன்றாம் கூண்டுக் கிழவன் கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் தொப்பியைப் பிடுங்குவான்.

“கம்னு கெட மேஸ்திரி. கல்யாணத்துக்கா போய்க்கினு இருக்கேன், தொப்பிய அயகு பாக்கற?”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பத்து வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. அதற்குமுன் பொன்னேரிப் பக்கம் நாற்று நட்டவள். “அங்கயும் குனிஞ்சேன், இங்கயும் குனியறேன். இங்க பி.எஃப். புடிக்கிறாங்க, அவ்ளோதான்” என்று தன் முன்னேற்றத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

இரண்டாயிரத்து எட்டில் அங்கே குரங்குகளின் மரபணுவை வரைபடமாக்கும் வேலை மும்முரமாக நடந்தது. சர்க்கரை நோய் எந்த மரபணு வழியாகக் குடும்பத்தில் இறங்குகிறது என்று குரங்குகளிடம் பார்த்துவிட்டால், மனிதர்களுக்கு மருந்து தேட உதவும். ஆனால் முதலில் எது எதற்குப் பிறந்தது என்று தெரிய வேண்டுமே. பிறப்புப் பதிவேடு ஒரு டிசம்பர் மழையில் கூழாகிப் போயிருந்தது. மிச்சமிருந்த பதிவேடு விக்டோரியாதான். சூப்பர்வைசர் வீரராகவன், எம்.எஸ்சி., அவளைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

“பதினாலாம் நம்பரையும் இருபத்திரண்டாம் நம்பரையும் ஒரே கூண்டுல விடலாமாம்மா?”

“ஐய, இன்னா சார் பேசற! அது ரெண்டும் அண்ணன் தங்கச்சி. பாவம் வந்து சேரும்.”

வீரராகவன் ‘உடன்பிறந்தவை’ என்று தட்டினார். இப்படிப் பதினோரு ஜோடி.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, அந்தப் பதினொன்றில் ஒன்பது ஜோடி உடன்பிறந்தவையே இல்லை. ரத்த ட்யூப்களில் நம்பர் சீட்டு ஒட்டியவள் விக்டோரியா. ஆகவே மாற்றி ஒட்டியவளும் அவளே என்று முடிவாயிற்று. வேலை நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியல் வெள்ளிக்கிழமை மேலே போக இருந்தது. அதில் அவள் பெயர் மூன்றாவது. மெமோ வாங்கினால் பெயர் போய்விடும்.

புதன்கிழமை வீரராகவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மெமோவை நீட்டினார்.

“மாத்தி ஒட்டிட்டேன்னு ஒத்துக்கினு ஒரு கையெழுத்து போட்டுடும்மா.”

“தொடையில குத்தியிருக்கிற நம்பர பாத்துதான் சார் ஒட்டுனேன்.”

“அப்போ மிஷின் பொய் சொல்லுதா? பதினாலும் இருபத்திரண்டும் ஒரே வயித்துல பொறக்கலயாம்.”

“ஒரே வயித்துலன்னு யார் சொன்னது?”

“நீதானேம்மா அண்ணன் தங்கச்சின்னு சொன்ன!”

“ஆமா, சொன்னேன். பதினாலோட அம்மா வெள்ளச்சி. இருபத்திரண்டோட அம்மா சிலுப்பி. அவுங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. அப்போ புள்ளைங்க இன்னா ஆவும்?”

வீரராகவன் மெமோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போன மாசம் ஆர்.கே.பேட்டைலருந்து உங்க பெரிம்மா மவன் வந்தாரே, அவர இன்னான்னு சார் கூப்ட்டீங்க?”

“அண்ணான்னு.”

“ரெண்டு பேரும் ஒரே வயித்துலயா பொறந்தீங்க?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது ஜோடிக்கும் கணக்குப் பார்த்தார். ஒன்பதும் பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை அளவுக்குச் சரியாகப் பொருந்தின. மிஷினும் விக்டோரியாவும் ஒரே சங்கதியைத்தான் சொல்லியிருந்தார்கள். நடுவில் இருந்த எம்.எஸ்சி.க்குத்தான் தமிழ் புரியவில்லை.

மெமோவை அவரே நாலாகக் கிழித்தார். விக்டோரியா அது கூடையில் விழும்வரை பார்த்தாள்.

“சரி, டைரக்டர்கிட்ட நான் இன்னா சொல்றது? எல்லாம் நான் தப்பா ஏத்துனதுன்னு ஆயிடும்” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “விக்டோரியா சரியா வெளக்கி சொல்லலன்னு ஒரே ஒரு வரி போட்டுக்கட்டுமா? உன் பேரு லிஸ்ட்ல அப்டியே இருக்கும். அது வேற, இது வேற.”

விக்டோரியா எழுந்து கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டினாள்.

“இன்னாம்மா, போட்டுக்கட்டுமா?”

அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அவள் போன பிறகு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.