எண்பதாம் நம்பர்

எங்கள் மில்லில் பெண்களின் அழகுக்கும் நூலின் நம்பரைத்தான் வைத்தார்கள். நம்பர் ஏற ஏற நூல் சன்னம். தடித்த நூல் இருபது, நைஸ் வேட்டிக்குப் போவது நூறு. சங்கு ஊதி நாங்கள் வெளியே வரும்போது, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் காற்றிடம் பேசுவதுபோலச் சொல்வார்கள்: "நாப்பது... அறுபது... அட, நூறுங்கோ!" எங்கள் ஊரில் கேலிக்கும் ஒரு 'ங்கோ' உண்டு.

பதினெட்டு வயசில் நான் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் சேர்ந்தேன். எனக்கு எண்பது கிடைத்தது. "எருமை மேய்க்கிற மூஞ்சிக்கு நம்பர் ஒரு கேடா?" என்று கூட்டாளிகளோடு சேர்ந்து திட்டிக்கொண்டே நடப்பேன். ஆனால் ஒரு நாள் எவனும் வாயைத் திறக்கவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. எங்களில் ஒருத்தியும் அதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

கொடுமுடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே அவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, பழைய வேலைக்கே வந்தேன். முதல் நாள் பெஞ்சைத் தாண்டும்போது, "அக்கா வாராங்க, கம்முனு இருங்கடா" என்றான் ஒருவன். எனக்கு எண்பது வைத்தவனே அவன்தான். என்னைவிட மூத்தவன் வேறு. எழுந்து நின்று "வாங்கக்கா" என்றான். அந்த மரியாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப்பின் நான் வந்தால் பேச்சு நிற்கும், நான் போனதும் தொடங்கும்.

வருஷங்கள் ஓடின. நம்பர் பழசாகி, காலேஜ் பையன்களிடமிருந்து 'ஃபிகர்' என்ற வார்த்தை வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அர்த்தம் தெரியாதவனும் அதையே சொன்னான். நேற்றுச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் அது கிடைத்தது. நான் மில்லில் அக்கா, வீட்டில் அத்தை. என் முகத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். அது வெள்ளைச் சேலையை முழங்கால்வரை மறைத்துவிட்டது; அதற்குக் கீழே எல்லாம் சேறு. முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"யாருப்பா இது? நல்ல ஃபிகரா இருக்குதே!"

சத்தியமங்கலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவன் சொன்னான். "டேய், அவங்க நம்ம அக்காடா!" என்று மற்றவர்கள் அவன் வாயைப் பொத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது அண்ணியின் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டேன். அன்று இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவனை மில் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

இவனை எவன் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்?

"சரி கண்ணு, வெச்சுக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இன்றுவரை வைத்திருக்கிறேன்.