மாமாவின் கறுத்த டொலர்

எங்கள் மாமா அமெரிக்காவுக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனாலும் ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக் கடைசி அறையில், அவருடைய மேசை லாச்சிக்குள், அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் சனங்கள் வெள்ளி தேடி மலையைக் கிண்டிய காலத்து டொலர்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற மனிதனுக்கு இது என்ன கோதாரி விளையாட்டு என்று அப்பா சலித்துக்கொள்வார். மாமா அம்மாவின் ஒரே தம்பி என்பதால் அந்தச் சலிப்பு மெல்லிய குரலில்தான் வரும்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை என்று வீட்டில் பெயர் எடுத்திருந்தேன். மற்றவர்கள் என்னைத் துரத்திவிடுவார்கள். மாமா மட்டும் “கையைக் கழுவிப்போட்டு வா பிள்ளை” என்று சொல்லிவிட்டு லாச்சியைத் திறப்பார். ஒரே ஒரு விதிதான். காசை ஓரத்தில் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. ஒரு பக்கம் கொழுத்த கன்னத்தோடு ஒரு பெண்ணின் தலை. மறுபக்கம் சிறகை விரித்த கழுகு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் தலைமயிரை இழை இழையாகப் பார்ப்பேன்.

எல்லாக் காசும் லாச்சிக்குள் ஒன்றாகக் கிடக்க, ஒன்று மட்டும் நீல வெல்வெட் போட்ட தனிப் பெட்டியில் இருந்தது. கழுகுக்குக் கீழே இரண்டு குட்டி எழுத்து. C, C. கார்சன் சிற்றி என்ற ஊரில் அடித்த காசு என்று அர்த்தமாம். பொட்டல் மலைகளில் அளவில்லாமல் வெள்ளி அகப்பட்டபோது, அரசாங்கம் பக்கத்திலேயே ஒரு காசுச்சாலையைக் கட்டிவிட்டதாம். அங்கே அடித்தது கொஞ்சம். அதிலும் உருக்கிப் போட்டது போக மிஞ்சியது இன்னும் கொஞ்சம். அதனால் உலகமெல்லாம் அதைத் தேடி அலைகிறார்களாம். ஸ்டுட்கார்ட்டில் நடந்த நாணயச் சந்தையில், தன்னிடமிருந்த நல்ல டொலர்கள் பலவற்றைக் கொடுத்து மாமா இதை மாற்றி வந்திருந்தார்.

பார்த்தால் கறுத்துப்போன காசு. ஆனால் விளக்கடியில் மெல்லச் சரித்தால் ஓரத்தில் மண்ணிறம், அதற்குள் ஊதா, அதற்கும் உள்ளே நீலம் என்று நிறம் நிறமாக ஓடும். மழை பெய்த தெருவில் பெற்றோல் சிந்தினால் தெரியுமே, அப்படி. அதை யார் வைத்திருந்தது, அவன் அதைக் கொண்டு குதிரை வாங்கினானா, சூதாடினானா, அவனை யாராவது சுட்டுப்போட்டார்களா என்று நான் தொணதொணப்பேன். மாமா நெற்றியைச் சுருக்கி யோசித்து, “குதிரைக்குக் காணாது பிள்ளை, குதிரைக்குத் தீனி வாங்கியிருப்பான்” என்று மிகப் பொறுப்பாகப் பதில் சொல்லுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா நாணயச் சங்கத்துக்குப் போவார். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நரைத்த தலைகள் பத்துப் பதினைந்து கூடியிருக்கும். மாமாவின் ஜேர்மன் குசினிக்குத்தான் போதும். அதனால் மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். அங்கே தருகிற அப்பிள் கேக்கும் ஒரு காரணம், மறைப்பானேன்.

ஜேர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. ஹோட்டலில் பெரிய சமையல்காரர் முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்த பொடியன் வரை மாமாவை நீ என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்தில் எல்லாருக்கும் அவர் நீங்கள். தலைவர், வாட்டசாட்டமான ஒரு கிழவர், எழும்பி வந்து மாமாவுக்குக் கதிரை இழுத்துப் போடுவார். எங்கேயோ அமெரிக்க டொலர் அகப்பட்ட ஆட்கள் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து, “நீங்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். மாமா கண்ணாடியை மாட்டி, திருப்பிப் பார்த்து, ஒரு சொல் சொல்வார். நான் அதை மூன்று வசனமாக்குவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அந்த ஞாயிறுக்காக மாமா சனிக்கிழமையே சேட்டை அயன் பண்ணித் தொங்கவிடுவார்.

சங்கத்தின் அந்த வருடத்துக் கண்காட்சியில் நடு மேசை மாமாவுக்குக் கிடைத்தது. அறிவித்தல் தாளில், கார்சன் சிற்றி டொலரைப் பார்க்கலாம் என்று ஒரு வரியே போட்டிருந்தார்கள். மாமா என்னிடம் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். எத்தனை தரம் வாசித்தாலும் முதல்தரம் கேட்பதுபோலத்தான் கேட்டார், பாவம்.

அதே கிழமைதான் என் தம்பிக்குப் பல் முளைத்தது.

பல் முளைத்தால் சும்மா இருக்கமுடியுமா? பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேண்டும். பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி, காசு எல்லாம் வைப்பார்கள். பிள்ளை எதைத் தூக்குகிறதோ அதுதான் அதன் வருங்காலம். கொழுக்கட்டை சனிக்கிழமை பின்னேரம், கண்காட்சி மறுநாள் என்று ஏற்பாடாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் மாமா வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா மறித்தார். “தட்டிலை யூரோவை வைக்கிறதே? உன்ரை வெள்ளிக் காசிலை ஒண்டைத் தாவன்.”

மாமா சப்பாத்துக்குள் காலைத் திணித்தபடி, “லாச்சிக்குள்ளை கிடக்கு அக்கா, விருப்பமானதை எடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

விருப்பமானது என்றால் எது? தனிப் பெட்டிக்குள் இருப்பதுதானே. ஆண்பிள்ளை பிறக்கவேண்டும் என்று எத்தனை நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்கு, வரிசையில் கிடக்கிற ஒன்றையா எடுப்பார்? அம்மா நீல வெல்வெட்டைத் திறந்தார். திறந்ததும் திடுக்கிட்டுப்போனார்.

“ஐயோ கடவுளே, கறுத்துப்போய்க் கிடக்கு! இதை எப்பிடிப் பிள்ளைக்கு முன்னாலை வைக்கிறது?”

அம்மா கிழமையில் ஐந்து நாள் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். எங்கே அழுக்கைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அதிலும் சாமிக்கும் பிள்ளைக்கும் வைக்கிற பொருள் மினுங்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பழப்புளியை உப்போடு கரைத்தார். எனக்கு மாமாவின் விதி நினைவுக்கு வந்தது. பெரிய மனுசிபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அம்மா, ஓரத்திலைதான் பிடிக்கவேணும், முகத்திலை விரல் படக்கூடாது” என்று சொன்னேன். அம்மாவும் தன் தம்பியின் பொருள் என்ற மரியாதையோடு அதைக் கேட்டார். இரண்டு விரலால் ஓரத்தைப் பக்குவமாகப் பிடித்து, மற்றக் கையில் துணியைச் சுற்றி, புளியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். பிறகு திருநீறு போட்டுத் தேய்த்தார். ஒரு விரல்கூட முகத்தில் படவில்லை.

முதலில் மண்ணிறம் போனது. பிறகு ஊதா. பிறகு நீலம். கடைசியில் அந்தக் கொழுத்த கன்னத்துப் பெண் புது எவர்சில்வர் தட்டுப்போலப் பளபளத்துக்கொண்டு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நாங்கள் இருவரும் சந்தோசத்தில் ஆளையாள் பார்த்துச் சிரித்தோம்.

பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். மாமா வேலை உடுப்போடு நேரே வந்து கதவோரம் நின்றார். கொழுக்கட்டைகள் தலையில் உருண்டதும் தம்பி வீரிட்டு அழுதான், பிறகு தட்டைக் கண்டான். புத்தகத்தைத் தள்ளினான், சங்கிலியின் மேல் முழங்காலை வைத்தான், தவண்டு போய்க் காசைப் பிடித்து நேரே வாய்க்குள் வைத்தான். வீடே கூவியது. “தாய்மாமன்ரை காசைத்தான் தூக்கினவன்! மாமனைப்போலத்தான் வருவான்!” என்றார் அம்மா. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. காசை வாயிலிருந்து பிடுங்கி, சீலைத் தலைப்பில் துடைத்து மாமாவிடம் நீட்டினார்.

“இந்தா தம்பி, நாளைக்குக் கொண்டுபோறதுக்கும் நல்லதாப் போச்சு. எப்பிடிக் கிடந்ததை எப்பிடி ஆக்கிப்போட்டன் பார்.”

என் பங்குக்கும் பாராட்டுக் கிடைக்கும் என்று நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் வெளுத்துப்போனது.

“நல்லா மினுங்குது அக்கா,” என்றார்.

ஆட்கள் கலையத் தொடங்கியதும் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். காசின் முகத்தில் விரல் பட்டுக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. பழைய காசைக் கழுவினால் அதோடு சரி என்று அப்போதுதான் சொன்னார். அந்த நிறம் நூறு வருடத்துக்கு மேலாகத் தானாக ஊறி வந்தது, இனி வராது. தேய்த்த கீறல்களும் போகாது. காசு சேர்க்கிறவர்கள் இதை இனிக் கையாலும் தொடமாட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொண்டுபோகவேண்டாம், துலைந்துபோச்சு என்று சொல்லுவோம் என்றேன்.

“அக்கா கேப்பா,” என்றார். பிறகு, “அம்மாட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை” என்றார்.

மறுநாள் அம்மாவே அதைப் பஞ்சு வைத்துப் பொதிந்து பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடுகிற தொங்குரயிலில் மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கீழே ஓடுகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நடு மேசையைச் சுற்றி ஆட்கள் காத்து நின்றார்கள். மாமா பெட்டியைத் திறந்தார். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவரும் குனிந்தார். தலைவர் வந்து கண்ணாடியை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். இதை யார் கழுவியது என்று கேட்டார்.

எனக்கு விடை தெரிந்த கேள்வி. வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளை அழுத்தியது.

“நான்தான் எண்டு சொல்லு. ஊத்தை எண்டு நினைச்சனாம். கழுவக்கூடாது எண்டு தெரியாதாம் எண்டு சொல்லு.”

நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படங்கூடக் கீறியிருந்தோம். “சொல்லு பிள்ளை,” என்றார். சொன்னேன்.

தலைவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. மாமாவைக் கதிரையில் இருத்தி, பழைய வெள்ளியை ஏன் கழுவக்கூடாது என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். நீங்கள் என்றுதான் சொன்னார், ஆனால் குரல் என்னுடைய முதலாம் வகுப்பு ரீச்சரின் குரல். முதல்நாள் மாமா எனக்குச் சொன்னதையேதான் அவரும் சொன்னார். மாமா புதிதாகக் கேட்கிறவர்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு பெட்டியை நடு மேசையிலிருந்து எடுத்து, கோட்டுகள் கொழுவுகிற பக்கத்தில் இருந்த மேசைக்கு மாற்றினார்கள். கைலேஞ்சியில் ஏதோ பொதிந்து கொண்டுவந்த ஒரு கிழவர், மாமாவை ஒருதரம் பார்த்துவிட்டு அதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். மாமா அதையும் பார்த்தார்.

திரும்பும்போது எனக்குக் கொதித்தது. “உங்களுக்குத் தெரியும்தானே! அம்மாதான் செய்தவா எண்டு சொல்லியிருக்கலாம்தானே!”

“அவையளுக்கு அக்காவைத் தெரியாதுதானே பிள்ளை,” என்றார் மாமா.

இதெல்லாம் ஒரு பதிலா? மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்று நான் அந்த ரயிலிலேயே முடிவு கட்டினேன்.

அம்மா கதவடியில் காத்து நின்றார். “என்ன சொன்னவை?”

“எல்லாரும் அதைத்தான் அக்கா சுத்தி நிண்டு பாத்தவை,” என்றார் மாமா. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு குசினியில் என்னைத் தனியாகப் பிடித்தார். “உண்மையாவே நல்லாயிருக்கெண்டு சொன்னவையோ?”

“ஓம்” என்றேன். ஒரே நாளில் இரண்டு மொழியிலும் பொய் சொல்லவைத்துவிட்டாரே என்று மாமாவின் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டிக்கு முன்னால் நின்றார்.

அதற்குப் பிறகும் மாமா சங்கத்துக்குப் போய்வந்தார், பின்வரிசையில் இருந்தார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்காததால் மொழிபெயர்க்க எனக்கு வேலை இல்லை.

நவராத்திரி வந்தது. அம்மா நிலத்தில் பேப்பர் விரித்து விளக்குகளை எல்லாம் பரப்பிவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா தன் அறையிலிருந்து ஒரு டொலரைக் கொண்டுவந்து நீட்டினார். லாச்சியில் கிடந்த சாதாரணமான ஒன்றுதான், ஆனாலும் நல்லாய்க் கறுத்தது.

“இதையும் ஒருக்கா மினுக்கித் தாங்கோவன் அக்கா.”

அம்மா காசைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“ஏலாது தம்பி, கை நோகுது. நீ கொண்டுபோய் உள்ளை வை.”

மாமா காசைப் பொத்திக்கொண்டு, சரி அக்கா என்று உள்ளே போனார். அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்தார். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு நோ போல என்று நினைத்தேன். காலையிலிருந்து இத்தனை விளக்குத் தேய்த்தால் நோகாதா? ஓடிப்போய் நோவெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, அம்மாவின் வலது கையைப் பிடித்து விரல் விரலாகப் பூசிவிட்டேன். அம்மா கையைத் தந்துவிட்டு மாமாவின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்ப சுகமா என்று கேட்டேன்.

ஓம் என்றார். நானும் நம்பினேன்.