குமிழ் இல்லாத ரேடியோ

எங்கள் பகுதியில் பாதி வீடுகளின் மிக்ஸியும் மின்விசிறியும் ரேடியோவும் பெரியப்பாவின் கைபட்டவை. அவருடைய சொந்த ரேடியோவை மட்டும் அவர் சரிசெய்ததே இல்லை. முன்னறை அலமாரியில் இருந்த அந்தப் பெட்டி விடிகாலையில் கரகரவென்று கத்தத் தொடங்கினால் தெருமுனைவரை கேட்கும். சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை. திருகும் குமிழைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பெட்டியில் வழவழப்பான ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் பிடித்தால் வழுக்கும்.

"நான் அலாரத்தைத் தூக்கிப் போட்டுட்டேன். ரேடியோக்காரர் இருக்க எனக்கென்ன குறை?" என்பார் மாடிவீட்டு டீச்சர்.

"செவிட்டு மெக்கானிக்குடா சாமி!" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

பெரியப்பா சிரிப்பார். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாத ஒரே ஆள் பெரியம்மா. நாங்கள் அதைப் பொறுமை என்று நினைத்தோம்.

பெரியம்மா வேறு மதத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த மதத்தை விட்டுவிடுவதாகத் தாத்தாவின் முன்னால் சத்தியம் செய்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. எங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பெரியப்பாவுடன் தவறாமல் வருவார். தாத்தாவுக்குப் பிறகு அந்தச் சத்தியத்துக்கு அப்பாதான் காவல். கூடத்தின் செயலாளரும் அவர்தான். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்ட அத்தை மகளோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்.

கூடத்தில் ஒலிபெருக்கி கட்டும்போது பெரியப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும், பெரியம்மாவுக்குத் துணையாக என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறையில் எனக்குப் பாய். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா.

விடியும்போது ஒரு குரல் என்னை எழுப்பியது. ரேடியோ இல்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து, ராகமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், தாழ்ந்து ஓடிய குரல். அந்தச் சொற்கள் எனக்குத் தெரியும். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் முணுமுணுப்பாக அதைத்தான் சொல்வாள். வாய்விட்டுச் சொல்லாவிட்டால் சாமிக்குப் போய்ச் சேராது என்பது அவர்கள் வழி என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

எங்களோடு கூடத்தில் முதல் வரிசையில் உட்காரும் பெரியம்மாவா?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஃப்ளாஸ்க் எடுத்துப் போக அப்பா வந்துவிட்டார். நான் ரேடியோவுக்குப் பாய்ந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, ஆனால் பெரியப்பா சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார். கம்பியைத் திருகப் பார்த்தேன். வழுக்கியது. திரும்பினால் அப்பா நிலைப்படியில் நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

உள்ளே மந்திரம் முடிந்து, சாதாரணப் பேச்சில் வேண்டுதல் தொடங்கியிருந்தது. பெரியப்பாவின் இடுப்பு. என் வேலை. பிறகு, "என் கொழுந்தனுக்கு அந்த முட்டி வலியைக் கொஞ்சம் குறைச்சு விடு. படியேற ரொம்பக் கஷ்டப்படுது அந்தத் தம்பி."

அப்பாவின் கை தானாக முழங்காலுக்குப் போனது. அவர் ஃப்ளாஸ்கைத் தொடாமலே வெளியேறினார். நான் பின்னால் ஓடிப்போய் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே போய் நின்றதும் வெடித்தார். "அண்ணா, காலையில அண்ணி என்ன பண்றாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

பெரியப்பா முதலில் என்னைப் பார்த்தார். "ரேடியோ போடலையா பாப்பா?"

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்தது.

"அப்போ தெரியும்!" அப்பாவின் குரல் உடைந்தது. "அப்பா முன்னாடி சத்தியம் பண்ணினாங்களே!"

"அவர் கேட்டாரு, பண்ணினா. சின்னப் பொண்ணு, நாலு பெரியவங்க சுத்தி நின்னா வேறென்ன சொல்லுவா? உன் சாமியை விடுடான்னு உங்கிட்ட சொன்னா நீ விட்டுருவியா?"

"அப்ப நீயும் அதைத்தான் நம்புறியா?"

"சீ, போடா. எனக்கு நம்ம சாமிதான். அவ கும்பிடுறது தப்புன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன்."

அப்பாவுக்கு இதுதான் பெரிய அடியாக இருந்திருக்க வேண்டும். "பின்ன எதுக்கு அந்த ரேடியோ? எங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னா?"

"உங்களுக்கா? எனக்குடா! கல்யாணமான புதுசுல ஒரு நாள் காதுல விழுந்துச்சு. கோபத்துல கதவை உடைக்கப் போனேன். கை கதவு மேல இருக்கு, உள்ள அவ சொல்லிக்கிட்டே இருக்கா. அப்படியே நின்னுட்டேன். அது அவளுக்கும் அவ சாமிக்கும் நடுவுல இருக்கிற பேச்சு. காதுல விழுந்தா நான் சண்டை போடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். அதான் மறுநாள்லேர்ந்து அதைக் கத்தவிட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல. என்ன வேண்டிக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது."

என்ன வேண்டிக்கொள்கிறார் என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியப்பா தலையணைக்கு அடியில் துழாவி, தேய்ந்துபோன கருப்புக் குமிழை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ போட்டு விடு பாப்பா. அவ மனசுவிட்டுச் சொல்லட்டும்."

நான் கை நீட்டுமுன் அப்பா அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று முழுக்கப் பெரியம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னாலும் அப்பா அவரை எழுப்பி நிறுத்துவதுபோல் நினைத்து நினைத்துப் பயந்தேன். அத்தை மகளை அவர் ஒதுக்கியது எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் விடிகாலை குரல் தொடங்கியது. குமிழ் இல்லாத ரேடியோவின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் தெருவில் திரும்புவது கேட்டது. வாசலில் வந்து நின்றது. ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. டடடடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு முறுக்க முறுக்க இன்னும் பலமாக உறுமியது. உள்ளே பெரியம்மாவின் குரல் எனக்கே கேட்காமல் போயிற்று.

ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா வண்டியில் உட்கார்ந்தபடி, வீட்டைப் பார்க்காமல், எதிர்ச்சுவரையே முறைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

மாடி ஜன்னல் திறந்தது. "ரேடியோ போயி ஸ்கூட்டர் வந்துடுச்சா? உங்க வீட்டுக்கு விமோசனமே கிடையாதா?" என்று டீச்சர் கத்தினார்.

அப்பா நிமிரவில்லை. பலகைத் தடுப்பின் கதவு திறந்து பெரியம்மா வெளியே வந்த பிறகுதான் வண்டி நின்றது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"வண்டிக்கு என்ன தம்பி கோளாறு?" என்றபடி பெரியம்மா ஃப்ளாஸ்கை எடுத்து மூடினார்.

"கார்புரேட்டர்."

"சரிபண்ணக் கூடாதா?"

அப்பா கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்ணன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் காலையில இப்படித்தான் கத்தும், அண்ணி."

மூடியைத் திருகிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை அப்படியே நின்றது.