அரை அடி

வக்கீலம்மா சட்டம் படித்தவர் அல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். சோப்புத்தூள் குறைந்தாலும், ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும், யாருடைய விடுப்பை யார் விழுங்கினாலும் மேலாளர் அறைக்கு முதலில் போகிற வாய் அவருடையது. அதனால் வந்த பட்டப்பெயர் அது. வீட்டில் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

வாழ்க்கையில் என்ன சாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஒரு கைக்கு மேல் இன்னொரு கையை வைத்து இடைவெளியைக் காட்டுவார். அரை அடி.

ஏழு இஸ்திரி மேசைகளும் முதலில் இரண்டரை அடி உயரத்தில்தான் இருந்தன. ஒருவருக்கு நாளைக்கு நூற்றைம்பது விரிப்பு, ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். பக்கத்து மேசையில் நிற்கும் அவருடைய நாத்தனாரால் சாயங்காலம் தன் இரண்டு வயது மகளைத் தூக்க முடியாது. தரையில் உட்கார்ந்து, "நீயே மேல ஏறிக்கோடி" என்பாள். வக்கீலம்மா மூன்று மனு எழுதினார். பதில் இல்லை. நாலாவதை எழுதாமல், தன்னோடு சேர்த்து ஏழு பெண்களும் அதே மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் போய் வரிசையில் உட்கார ஏற்பாடு செய்தார். ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் வலி. மருத்துவர் ஏழு சீட்டிலும் ஒரே வரியை எழுதினார்: மேசையை அரை அடி உயர்த்தவும். சொந்த மருத்துவரின் சீட்டை நிர்வாகத்தால் கிழித்துப் போட முடியவில்லை. தச்சர் வந்து மேசைக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை அடித்துவிட்டுப் போனார். அதுவரை தலைவிதி என்று சொல்லப்பட்ட வலி, ஒரு தச்சரின் அரைநாள் வேலையாக முடிந்தது.

அப்படி நிமிர்ந்து நின்றிருந்தவரைத் தேடித்தான் ஓவியர் வந்தார். சலவைக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாசல் சுவருக்கு இரண்டு படங்கள் வேண்டும்: ஒன்று நிறுவனர், இன்னொன்று தொழிலாளி.

"அம்மா, கொஞ்சம் குனிஞ்சு வேலை செய்யுங்க" என்றார் ஓவியர்.

"எதுக்கு சார்? குனியாம செய்யத்தான் மேசையை உசத்தி வச்சிருக்கோம்."

"நிமிர்ந்து நின்னா யாரோ சும்மா நிக்கிற மாதிரி இருக்கும்மா. குனிஞ்சாத்தான் உழைப்பு தெரியும்."

"உழைப்பு தெரியணும்னா விரிப்பைப் பாருங்க. ஒரு சுருக்கம் காட்டுங்க, நான் தரையில விழுந்தே கும்பிடுறேன்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப்பெட்டி ஆடியது. ஓவியர் சிரிக்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து, எதிரில் நின்ற பெண்ணை விட்டுவிட்டு, தன் மனதில் ஏற்கெனவே இருந்த பெண்ணைத் தீட்டினார். இடுப்பு ஒடிந்தது போல ஒரு குனிவு. தரை பார்த்த கண்கள். வக்கீலம்மாவின் கழுத்தில் எப்போதும் தொங்கும் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. மேசை இடுப்புக்கு வெகு கீழே. தலைப்பு: 'விதியின் சுமை'.

பக்கத்துப் படத்தில் நிறுவனர். நிஜத்தில் மேடையில் பேச முக்காலி போட்டு ஏறுகிற மனிதர். படத்தில் கதவு நிலையை முட்டுகிற உயரம், கையில் அவர் திறந்தே பார்க்காத ஒரு தடித்த புத்தகம். அவருக்கு அரை அடி கொடுத்த அதே தூரிகைதான் வக்கீலம்மாவிடமிருந்து அரை அடியைப் பிடுங்கியது. வளைந்த முதுகில் இப்படி வரைகிறவர்களுக்கு ஓர் அழகு தெரிகிறது. முதுகு தங்களுடையதாக இல்லாதவரை அது அழகாகத்தான் இருக்கும்.

படம் முதலில் ஒரு கண்காட்சிக்குப் போனது. அங்கே அதைப் பார்த்து ஒரு நாவலாசிரியர் கண்கலங்கினார். நேரே வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பித்தார். சலவைக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை; கண்ணீர் இருக்கும்போது முகவரி எதற்கு? எழுநூறு பக்கம் வந்தது. கதாநாயகி வாய் பேசாதவள். குனிந்த தலை நிமிராதவள். இத்தனையும் ஏன் என்று ஒரு பக்கத்திலும் கேட்காதவள்.

நாத்தனார் அதைத் தேநீர் இடைவேளையில் சத்தமாகப் படித்தாள்.

"அண்ணி, நூத்திப் பத்தாம் பக்கத்துல அண்ணன் செத்துட்டாரு."

"பாவம். எப்படியாம்?"

"குடிச்சு குடிச்சுதான்."

அன்று வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் வக்கீலம்மா செய்தியைச் சொன்னார். தேநீர் தவிர வேறெதையும் குடித்தறியாத அந்தப் பேருந்து ஓட்டுநர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு நான் வண்டி எடுக்கணுமா, வேணாமா?"

இதுவரை சிரிப்புதான். புதுக் கட்டடம் தயாரானதும் சிரிப்பு நின்றது. ஏழு புது மேசைகள், பளபளக்கும் இரும்புக் கால்கள், உயரம் இரண்டரை அடி. வக்கீலம்மா தையல் நாடாவை வைத்து மூன்று முறை அளந்தார். பிறகு கட்டடப் பொறியாளரைப் பிடித்தார்.

"பழைய மேசையை வந்து அளந்தீங்களா தம்பி?"

"நேர்ல வரலம்மா. ஆபீஸ்ல உங்களை வரைஞ்ச படத்தை அனுப்பினாங்க. உங்க உயரத்தைக் கேட்டு, அதுல மேசை எங்க வருதுன்னு கணக்குப் போட்டோம். அச்சு அசலா இருக்கு, பாருங்க!"

மேலாளரிடம் போனால் அவர் உருகினார். "ஏம்மா, அந்த நாவலைப் படிச்சு நான் அழுதுட்டேன் தெரியுமா? அதுல நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. என்ன பொறுமை!"

"நீங்க நல்லா அழுங்க சார். மேசை?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

திறப்பு விழாவில் புகைப்படக்காரர், "படத்துல இருக்கிற மாதிரியே குனிங்கம்மா" என்றார். "இந்த மேசையில குனியாம நிக்கவே முடியாதுப்பா. நீ சும்மா எடு" என்றார் வக்கீலம்மா. அந்த வாரமே நாத்தனார் மறுபடி தரையில் உட்கார்ந்து மகளை ஏறிக்கொள்ளச் சொன்னாள்.

விழாவுக்கு வந்தவர்களுக்குப் பரிசளிக்க நிர்வாகம் இருநூறு நாவல் வாங்கியிருந்தது. விருந்தினர்கள் வாங்கி, கையில் கனம் பார்த்து, நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். மிஞ்சியதெல்லாம் சலவைக்கூடத்துச் சாமான் அறைக்கு வந்தது. நாத்தனார் ஒரு பிரதியைத் திருப்பிப் பார்த்தாள். நாடாவை எடுத்தாள்.

"அண்ணி, ஒரு புத்தகம் ரெண்டு அங்குலத் தடிமன்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "மூணு வச்சா?"

ஒரு காலுக்கு மூன்று. ஏழு மேசைக்கு எண்பத்துநான்கு பிரதிகள். மதியத்துக்குள் ஏழு பெண்களும் நிமிர்ந்து நின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து, தன் கதாநாயகியை முதன்முறையாக நேரில் பார்க்க நாவலாசிரியர் வந்தார். மேலாளர் கூடவே வந்தார். நாவலாசிரியரின் கண்கள் அறை முழுக்கக் குனிந்த முதுகு ஒன்றைத் தேடின.

"அந்த அம்மா எங்கே?"

"நான்தான் சார்" என்றார் வக்கீலம்மா.

"நீங்க... பேசுவீங்களா?"

"இதைக் கேக்கிற முதல் ஆள் நீங்கதான். என் வீட்டுக்காரர் கேட்டா சந்தோஷப்படுவாரு. அவரும் உயிரோடதான் இருக்காரு."

நாவலாசிரியர் பார்வையைத் தாழ்த்தினார். மேசைக் காலுக்கு அடியில் தன் பெயரைப் பார்த்தார். அடுத்த காலில். அதற்கடுத்த காலில்.

"என் ஆறு மாச உழைப்பு இது!"

"என்னோடது இருபத்திரண்டு வருஷம், சார்."

"எடுங்கம்மா அதையெல்லாம்!" என்று மேலாளர் பதறினார்.

"எடுத்துடறோம். கட்டை வரட்டும்."

நாவலாசிரியர் மேலாளர் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "பத்திரிகைக்காரன் எவனாவது பார்த்தா என் கதி என்ன? முதல்ல அந்தக் கட்டைக்கு வழி பண்ணுங்க!"

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தச்சர் வந்துவிட்டார். ஏழு முதுகெலும்புக்கு அடுத்த வருஷம் வரை தள்ளிப்போன அவசரம், எண்பத்துநான்கு அட்டைகளுக்கு ஒரே இரவில் வந்தது. வக்கீலம்மா தச்சர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு மேசையையும் நாடாவால் அளந்து வாங்கினார். புத்தகங்களைத் துடைத்து, அடுக்கி, எண்ணிச் சாமான் அறையில் வைத்தார்கள்.

வாசல் சுவரில் படம் இன்னும் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே நாத்தனாரின் மூலை மேசை மட்டும் லேசாக ஆடியது. அவள் ஒரு பிரதியைப் பிரித்து, கதைக்குள் வக்கீலம்மா விரிப்புக் குவியலின் மேல் சாய்ந்து உயிர்விடும் கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் கிழித்து, நான்காக மடித்து, காலுக்கு அடியில் சொருகினாள்.

"இப்ப ஆடுதா பாருங்க அண்ணி."

வக்கீலம்மா மேசையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அடுத்த விரிப்பை உதறி விரித்தார்.