தாண்டி வாசித்த சட்டம்

நான் பொய் வாசித்தேன். வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே, அதில் இருந்ததை இல்லை என்றேன்!

நீங்களும் என்னை நம்பியிருப்பீர்கள். செவிலிமேட்டில் எங்கள் தெருவே நம்பியது. குடும்பத்தில் எழுத்தறிந்தவள் நான் ஒருத்திதான்; எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். தறி ஓய்ந்ததும் குடும்ப ஜெபத்தில் நான் வரிசையாக வாசிப்பதுதான் எங்களுக்கு வேதம். சரிபார்க்க யாருமில்லை.

ஜரிகை கொண்டுவரும் காதர் பாய், எதற்கும் இறந்துபோன தம் தகப்பனாரைச் சாட்சிக்கு அழைப்பவர். அன்று மாலை அப்பா அவரைச் சீண்டினார்.

“உங்க மார்க்கத்துல கல்லால அடிச்சிக் கொல்றதெல்லாம் ஒரு சட்டமா பாய்? எங்க வேதத்துல அன்பு மட்டுந்தான்.”

“சோரம் போனவங்களுக்குத்தான் அது; அதுக்கும் நாலு பேரு கண்ணால பாத்த சாட்சி வேணும்பா. எவன் கொண்டாருவான்? பயந்து நடக்கத்தான் அந்தச் சட்டம். அத்த வுடு. உங்க பழைய வேதத்துலயே கல்லடி இருக்குதுன்னு எங்க அத்தா சொல்வாரு.”

“உங்க அத்தாவுக்கு எங்க வேதம் எப்படித் தெரியும்? ஜரிகையில சுத்தி வந்துச்சா?” அப்பா தறிக்குழியில் இருந்தபடியே சிரித்தார். “எம்பொண்ணு படிச்சவ. நீயே பாத்து சொல்லும்மா.”

பாய்க்கு உருது எழுத்து மட்டுமே தெரியும்.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்... கன்னித்தன்மை இழந்த மணப்பெண்ணை, அவள் தகப்பன் வீட்டு வாசலிலேயே ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்ற சட்டம். ஜெபத்தில் அதைத் தாண்டியே வாசித்திருந்தேன்.

பின்னாளில் இயேசு அந்தக் கல்லைத் தடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் சட்டத்தை வாசிக்க வேண்டுமே! தகப்பன் வீட்டு வாசல் என்பதை என் தகப்பனிடம் எப்படி வாசிப்பேன்? அந்தக் கூச்சம்தானா? அல்லது தோற்கக் கூடாதென்ற வீம்பா? இரண்டும்தான்.

“அப்படி எதுவும் இல்ல பாய்.”

அவர் வாதாடவில்லை. “படிச்ச பொண்ணு சொல்லுது. அப்போ எங்க அத்தாதான் தப்பா சொல்லிட்டாரு. மன்னிச்சிக்கோபா,” என்று எழுந்தார்.

இறந்த மனிதரைப் பொய்யராக்கிவிட்டேன்... அதுவும் மகன் வாயாலேயே!

பாய் இப்போதும் வருகிறார். அத்தா பேச்சை மட்டும் எடுப்பதில்லை. அப்பாவோ வருவோரிடமெல்லாம், “பாயையே வாயடைச்சவ எம்பொண்ணு!” என்கிறார். நான் மறுத்ததில்லை.

முதலிலிருந்து மறுபடியும் வாசித்து வருகிறோம். நேற்று அந்தப் பக்கம் வந்தது. அப்பா கண்மூடிக் காத்திருந்தார்.

தாண்டினேன்.