பூங்கோதைக்கு நிறம் கொடுத்தவள்

சாவித்திரிக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் அடிக்கிற வேலை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவள், நாற்பது தாண்டியும் அங்கேதான் இருக்கிறாள். பொம்மைகளின் முகத்துக்கும் கைக்கும் அடிக்கிற வெளுத்த ரோஸ் வர்ணத்துக்குக் கம்பெனியில் ஸ்கின் கலர் என்று பேர். லட்சுமிக்கும் அதுதான், கல்யாண ஜோடிக்கும் அதுதான். அதை அடிக்கிற கை மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்பு அவளைச் சும்மா விட்டதில்லை. பக்கத்து மங்களூர்க் கிராமத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "நெறந்தான் கொஞ்சம் பத்தல" என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்து வந்தவர்கள் சொல்லியும் அனுப்பவில்லை. லாரி ஓட்டுகிற உலகநாதன்தான் ஒன்றும் பேசாமல் தாலி கட்டினான். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி ஆயா துணியில் சுற்றிக் கொடுத்தபடி, "அப்படியே ஒன் கலருடி" என்று சிரித்தாள். பழமலைநாதா, நான் பட்டது இதுக்கு வேணாம் என்று சாவித்திரி ஊர்ச் சாமியை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு யுவஸ்ரீ என்று பேர் வைத்தார்கள்.

ஒன்பதாவது படிக்கையில் யுவஸ்ரீ பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தாள். அவள் வயசுப் பிள்ளைகளுக்காக எழுதினது. செங்கல் சூளையில் வளர்கிற பூங்கோதை என்ற பெண்ணின் கதை. சட்டிக்கரி நிறம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அம்மா குழம்பு கூட்டுகையில் மகள் வாசிப்பாள். சாவித்திரி காதாலேயே அந்தப் புத்தகத்தை முடித்தாள்.

"கடைசி வரைக்கும் யாரும் அவள மஞ்சப் பூசச் சொல்லலியாடி?"

"இல்லம்மா. சொன்னாலும் அவ பூச மாட்டா."

அந்தப் புத்தகத்தைத்தான் சினிமாவாக எடுக்க வந்தார்கள். பூங்கோதையாக நடிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளையே வேண்டும் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு வைத்தார்கள். கிளம்பும்போது சாவித்திரி பவுடர் டப்பாவோடு வந்து நின்றாள். யுவஸ்ரீ அவள் கையைத் தள்ளிவிட்டாள். "பூங்கோதையே இப்படித்தாம்மா இருப்பா!"

மண்டபத்தில் உதவி டைரக்டர் ராஜ்மோகன் அவளைப் பேச வைத்தார், ஓட வைத்தார், அழ வைத்தார். முடிவில் எழுந்து சாவித்திரியிடம் வந்து, "அக்கா, தேட வேண்டியதே இல்ல. இவதான் பூங்கோதை" என்றார்.

தெருவே பேசிற்று. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னா சாவித்திரி, இனிமே ஒன் வூட்டுக்கு வரணும்னா வாட்ச்மேன கேட்டுட்டுத்தான் வரணுமா?"

"போடி, நீ எப்பவும் கொல்ல வழியா வந்து வெங்காயம் எடுக்கறவதான!"

அத்தனை வருசத்தில் சாவித்திரி அப்படி வாய்விட்டுச் சிரித்ததைப் பாஞ்சாலை பார்த்ததில்லை. யுவஸ்ரீ கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொன்னாள். முன்பெல்லாம் அவள் கண்ணாடிப் பக்கம் அதிகம் போகமாட்டாள்.

படப்பிடிப்பு மணிமுத்தாற்றுக் கரையில். வரச்சொல்லி வந்த போனை நம்பி இருவரும் காலையிலேயே ஆட்டோவில் போய் இறங்கினார்கள். குடைக்குக் கீழே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வடக்கே எங்கிருந்தோ வந்தவள். விளம்பரங்களில் பார்த்த முகம், உரித்த பூண்டு மாதிரி வெளுப்பு. மேக்கப்காரர் யுவஸ்ரீயைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டார்.

"பாப்பா, கைய நீட்டும்மா. அசைக்காத."

நமக்கும் மேக்கப் போடப் போகிறார்கள் என்று யுவஸ்ரீ சந்தோசமாக நீட்டினாள். மேக்கப்காரர் தட்டில் இரண்டு மூன்று வர்ணம் குழைத்து, வெளுத்த கையில் தடவி, கறுத்த கையோடு வைத்துப் பார்த்தார். துடைத்தார். இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்துத் தடவினார். சாவித்திரிக்குக் கொஞ்ச நேரத்திலேயே புரிந்துவிட்டது. கம்பெனியில் புது மாதிரி வந்தால் அவளும் சாம்பிள் பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படித்தான் வர்ணம் குழைப்பாள். இங்கே சாம்பிள் தன் மகள்.

ராஜ்மோகனைத் தேடிப் பிடித்தாள். "தம்பி, எம்பொண்ணுதான்னு சொன்னீங்களே?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சொன்னங்க்கா. நான் சொன்னது நெசம். பணம் போடறவங்க தெரிஞ்ச மொகமா கேக்கறாங்க. பாப்பாவுக்குத் தோழி வேஷம் வாங்கித் தரேன், கூட்டத்துல நிக்கற மாதிரி."

"கறுப்பா ஒரு புள்ளய நேர்ல வச்சிக்கிட்டே, செவப்பா ஒரு புள்ளைக்குக் கறுப்பு அடிக்கறீங்களே தம்பி!"

அந்த வடக்கத்திப் பெண்ணைக் குற்றம் சொல்லக் கூடாது. அதுவும் குழந்தைதான். கண் எரிகிறதென்று கசக்கிக்கொண்டே, யுவஸ்ரீயின் நீட்டின கையைப் பிடித்து என்னவோ தன் பாஷையில் சொல்லிற்று. யுவஸ்ரீ தலையாட்டினாள். நிறம் சேரும் வரைக்கும் கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தபின், "வூட்டுக்குப் போலாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில், "என்னா பூங்கோதை, கார் வரலியா?" என்று கேட்டார்கள். புத்தகம் லைப்ரரிக்குத் திரும்பிப் போயிற்று. ஒரு சாயங்காலம் சாவித்திரி வேலை முடிந்து வந்தபோது, மகள் கிணற்றடியில் மஞ்சளும் கடலைமாவும் குழைத்து முகம் கன்றிப்போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பண்ற?"

"செவப்பா இருந்தா கறுப்பாவும் ஆவலாம் போலம்மா. கறுப்பா இருந்தா ஒண்ணும் ஆவ முடியாது."

சாவித்திரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். அநியாயம் பட்டவர்கள் அந்த முருகனிடம் பிராது எழுதிக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பார்கள். தீர்ந்ததும் வந்து, பிராதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாள் வாங்கி ஓரமாக உட்கார்ந்தாள். யார் மேல் எழுதுவது? ராஜ்மோகன் அக்கா என்று கூப்பிட்ட பிள்ளை. மேக்கப்காரருக்கு அது தொழில். பணம் போட்டவரை இவள் கண்ணாலும் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் கழித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள்: "சாமி, வேசம் வேணாம். எம்புள்ளைக்கு அவ நெறத்த மட்டும் திருப்பிக் குடு."

வாங்கிப் பார்த்த பூசாரி கேட்டார். "யாரு மேலம்மா பிராது? பேரே இல்லியே?"

"எனக்குத் தெரியலீங்க சாமி. கொளஞ்சியப்பருக்குத் தெரியுங்க."

அவர் தாளைச் சாமி காலடியில் வைத்து, விபூதி போட்டுச் சுருட்டிக் கொடுத்தார். அங்கேயே காவலுக்கு இருக்கிற முனியப்பர் முன்னால் நிற்கிற வேலில் அவளே நூலால் கட்டினாள்.

அது ஆயிற்று நாலு மாதம். யுவஸ்ரீ இப்போது வெயிலுக்கு என்று சொல்லி, கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருகிறாள், மழைக்காலத்திலும். கண்ணாடிக்கு முன்னால் நிற்பதில்லை. "ராஜினாமா எழுதிட்டியா?" என்று பாஞ்சாலை கேட்டால் சாவித்திரி சொல்வாள்: "இன்னும் இல்லடி. சாமிக்கும் பேர் தெரியாத கேசு, வெசாரிக்க நாளாவுமில்ல?"