நாற்பத்தாறு படிக்கட்டுகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதை என்னிடம் சொன்னவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் உட்காராது. அப்படி வேலை பார்த்துப் பழகியவள், நடந்ததையெல்லாம் நாளும் மணியும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இங்கே வரும் நேரமெல்லாம் அதில் உள்ளதுதான்.

அவளுக்குப் படிக்கட்டுகளைப் படம் எடுக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. கடையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவாள். மேல் ஜன்னல் வழியாக விழுகிற வெயில் ஒவ்வொரு படியிலும் மடங்கி மடங்கி இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. யாரோ உபயோகித்துத் தள்ளிய கேமரா ஒன்றை வாங்கினாள். ஒரு வலைப்பூ தொடங்கினாள். மாதத்துக்கு மூன்றோ நாலோ படம், மதியம் ஒன்று பத்துக்குப் போடுவாள். அதே படம் முகநூலுக்கும் போகும். அங்கே சித்தி ஒருத்தி, எதைப் போட்டாலும் திறந்துகூடப் பார்க்காமல் ‘வாழ்த்துகள்’ என்று எழுதுவாள். இடிந்து கிடந்த படிக்கட்டுக்கும் வாழ்த்துகள்தான். வலைப்பூவுக்கு வருகிறவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும்.

கணவர் ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள மாடியெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற தனக்குத் தெரியாத அழகு அவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று கிண்டல் செய்வார். ஆனால் எங்காவது நல்ல படிக்கட்டு கண்ணில் பட்டால் அவர்தான் முதலில் வந்து சொல்வார். போகிற இடத்திலெல்லாம் பெண்டாட்டியின் படங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசவும் செய்வார்.

வலைப்பூவில் ஒருநாள் புதிதாக ஒருவர் வந்தார். ‘கைப்பிடி’ என்று பெயர் வைத்திருந்தார். தனக்குக் கண் தெரியாது, போன்தான் எழுத்தைப் படித்துக் காட்டும், படத்தில் என்ன இருக்கிறது என்று நாலு வரி எழுதினால் தானும் பார்த்துக்கொள்வேன் என்று பணிவாகக் கேட்டிருந்தார். அவளுக்கு மனசு உருகிவிட்டது. கண்ணாடி செய்கிறவளுக்குக் கண் தெரியாத வாசகர். புதுப் படங்களுக்கு எழுதினாள். பழைய படங்களுக்கும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் எழுதினாள். மொத்தம் நாற்பதுக்கு மேல். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே சரியாகப் போனது.

அவர் தவறாமல் பதில் போடுவார். சரியாக ஒன்று பதினேழுக்கு.

முதல் உறுத்தல் ஒரு சின்ன விஷயத்தில் வந்தது. பழைய நூலகப் படிக்கட்டு ஒன்றைப் போட்டு, ‘பச்சைச் சுவர், அகலமான கல்படிகள்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அவர் எழுதினார்: “மேலேருந்து ஆறாவது படி ஓரம் உடைஞ்சிருக்கு. பார்த்துப் போங்க.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறாவது படி. உடைந்துதான் இருந்தது.

தெரிந்த இடமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்தது, வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போனபோது ஒரு விடுதியில் எடுத்தது. “பதினாலு படி. ஒரு திருப்பம். அப்புறம் ஒன்பது” என்று எழுதினார். படத்தில் திருப்பத்தோடு சரி. மேலே உள்ளது தெரியாது. விடுதிக்கு போன் செய்து, கெஞ்சிக் கேட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணை எண்ணச் சொன்னாள்.

பதினான்கு. திருப்பம். ஒன்பது.

கடையில் கண் பரிசோதிக்கிறவரிடம் சொன்னாள். அவளைவிடச் சின்னவர், எதற்கும் சிரிக்கிறவர். கண் தெரியாது என்பதே பொய்யாக இருக்கும், பொழுதுபோகாத ஆசாமி, ஒரு பொய் எழுதிப் போட்டுப் பாருங்கள் அக்கா, மாட்டிக்கொள்வான் என்றார்.

அதுவும் சரி என்று பட்டது. திங்கட்கிழமை ஒரு படம் போட்டாள். நாற்பத்தாறாவது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்புச் சுழல்படி. அதற்குக் கீழே ‘பழைய மரப்படிக்கட்டு, நேராக ஏறுகிறது’ என்று எழுதினாள்.

1:17.

“பொய் எழுதாதீங்கம்மா. இரும்பு. சுத்திச் சுத்திப் போகுது. நான் இப்ப இதுலதான் ஏறிட்டிருக்கேன்.”

இதைக் காட்டியதும் பரிசோதகர் சிரிக்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இனிப் படம் போடாதீங்க என்று மட்டும் சொன்னார்.

அவள் போடவில்லை.

செவ்வாய் காலை 9:40-க்கு ஒரு பின்னூட்டம் வந்தது. நாற்பத்தாறாவது படத்துக்கு. “ஏறி இறங்கியாச்சு.”

அன்று மாலை நாற்பத்தைந்தாவதற்கு. “ஏறி இறங்கியாச்சு.”

புதன்கிழமை ஆறு படங்கள். வியாழன் எட்டு. பின்னாலிருந்து முன்னாலே, ஒன்றுகூட விடாமல். அவரைத் தடை செய்தாள். தடை செய்த பிறகும் வந்தது. தூக்கம் கெட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு கண்ணாடிகளுக்கு இடது வலது மாற்றிப் பொருத்திவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாள். கணவர் என்னவென்று கேட்டார். தலைவலி என்றாள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கணவருக்கு அரை நாள் வேலை, நாலு மணிக்கு வருவார். மதியம் இரண்டரைக்குப் போனைப் பார்த்தபோது பாக்கி ஒன்பது படங்கள்தான் இருந்தன. சின்னப் படிக்கட்டு என்றால் நாலு நிமிடம். பெரியது என்றால் பதினைந்து. அவளே நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டாள்.

போட்டுக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

ஒன்றாம் படம்.

வலைப்பூ தொடங்கிய அன்று, வேறு படம் இல்லாமல், கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டது. அதற்கும் அவருக்காக எழுதியிருந்தாள். ‘இது எங்கள் வீட்டுப் படிக்கட்டு. மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படிகள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடி ஆடும்.’

3:06. நாலாவது படம். ஏறி இறங்கியாச்சு.

3:20. மூன்றாவது.

வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று செருப்பை மாட்டினாள். வெளியே போக வேண்டுமென்றால் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும்.

செருப்பைக் கழற்றினாள்.

3:31. இரண்டாவது.

ஒன்றாம் படத்தை அழித்தாள். படம் போய்விட்டது. படிக்கட்டு எங்கே போகும்?

3:40.

கீழே சத்தம் கேட்டது. வெளியே நல்ல வெயில். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதற்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. இரும்புக் கைப்பிடியில் ஒரு மோதிரம் உரசிக்கொண்டு வருகிற சத்தம்.

கிர்ர்ர்ர்...

நின்றது. முதல் மாடி.

கிர்ர்ர்ர்...

இரண்டாவது மாடித் திருப்பம். கடக்... கடக்... ஆடுகிற கைப்பிடி.

கிர்ர்ர்...

நின்றது.

இப்போது சுவரில். உள்ளங்கையால் தடவுகிற சத்தம். சர்ர்... சர்ர்... பக்கத்தில் வந்தது. சுவர் முடிந்து மரத்துக்கு மாறியது.

கதவு.

டிங்.

புதுப் பின்னூட்டம் வந்திருப்பதாக மின்னஞ்சல். எந்தப் படத்துக்கு என்ற இடம் வெறுமையாக இருந்தது. “வந்துட்டேம்மா. கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு நீங்க எழுதலையே.”

கதவில் பார்க்கிற துளையில் கண்ணை வைத்தாள். இருட்டு. துளையை ஒரு கை மூடியிருந்தது.



3:57... தெருவில் கணவரின் பைக் வந்து நின்றது.

அவருக்கு போன் செய்தாள். மணி அடித்தது. காதில் மட்டும் இல்லை, படிக்கட்டிலும் அடித்தது. முதல் மாடி... இரண்டாவது மாடி... மூன்றாவது. அவர் எடுக்கவில்லை. எப்படியும் வீட்டுக்குத்தானே வருகிறோம் என்று நினைத்திருப்பார்.

கதவுக்கு வெளியே அவர் குரல்.

“யாரைப் பார்க்கணும்?”

பதில் கேட்கவில்லை.

“அப்படியா... பரவாயில்ல, வாங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க.”

தாழ்ப்பாளில் அவள் கை இருந்தது. கத்தியிருக்கலாம். திறந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர் இறங்குகிற செருப்புச் சத்தம். தேய்ந்து... தேய்ந்து... நின்றது.

4:05.

4:10.

4:15.

கீழே இறங்கி ஏற மூன்று நிமிடம் போதும்.

4:22-க்கு அழைப்பு மணி அடித்தது. கணவர். முகம் வியர்த்திருந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. நேராகப் போய்க் கை கழுவினார். யாரோ ஒரு பெரியவர் வீடு மாறி வந்துவிட்டார், பாவம், கண் தெரியாதவர், கீழே விட்டுவிட்டு வந்தேன் என்றார். நல்ல பேச்சுத் துணையாக இருந்தாராம். நடுவில் அந்தப் பெரியவர் தன் தங்கைக்கு போன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று வேறு சொன்னாராம்.

“இவ்வளவு நேரமாவா இறங்கினீங்க?”

“அவர் ஒவ்வொரு படியா எண்ணிட்டே வந்தாரும்மா. அறுபத்தாறு.”

“நம்ம வீட்டுக்கு அம்பத்து நாலுதாங்க.”

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“கீழே கொஞ்சம் இருட்டா இருந்துச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு. இங்கயே விடுங்க, நானே போயிக்குவேன்னு கையை எடுத்துக்கிட்டார். நான் ஏறி வந்துட்டேன்.”

அந்தக் கட்டிடத்துக்கு நிலவறை கிடையாது. கடைசிப் படி இறங்கினால் தெரு. நாலு மணிக்கு அங்கே முகத்தில் வெயில் அடிக்கும். அவள் கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்; இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஐம்பத்து நான்கு. பெரியவர் தப்பாக எண்ணியிருப்பார் என்று அவர் சிரித்தார். கணவர் செருப்பின் அடியில் ஈர மணல் அப்பியிருந்தது. ஊரில் மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது.

அதற்குப் பிறகு பின்னூட்டம் எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். மனசு அடங்கவில்லை. ‘கைப்பிடி’ கணக்கில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, தான் யார், என்ன படம் எடுக்கிறவள், தன் வலைப்பூவில் இந்தப் பெயரில் எழுதுவது யார் என்று கேட்டு எழுதினாள். பதினோராம் நாள் பதில் வந்தது. எழுதியவர் ‘கைப்பிடி’யின் தங்கை, அண்ணனின் அஞ்சலை எப்போதாவது திறந்து பார்க்கிறவர். அந்தப் பதிலை அவள் எனக்குக் காட்டினாள்.

அண்ணன் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அதில் இருந்தது. இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய போன் அன்றிலிருந்து பீரோவில் அணைந்து கிடக்கிறது. தனியாக வெளியே போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து, பாதியில் நின்றுபோன ஒரு கட்டிடத்தின் நிலவறையில் கண்டுபிடித்தார்கள். தரையிலிருந்து பன்னிரண்டு படி கீழே, மணலில் விழுந்து கிடந்தார். அங்கே எப்படிப் போனார் என்று போலீசாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மீதியை அந்த அம்மாளின் எழுத்திலேயே தருகிறேன்.

‘அன்று மாலை நாலு பத்துக்கு எனக்கு போன் செய்தார். “கவலைப்படாதே, ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றார். நல்ல மனுஷன். அவர் வீட்டம்மா ஊர்ல இருக்கிற படிக்கட்டையெல்லாம் போட்டோ எடுப்பாங்களாம்” என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. படிக்கட்டுகளைப் படம் எடுக்கிற ஒரு பெண்ணை நான் மூன்று வருடமாக இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் கூட்டிப் போனவர், அந்த இடத்தில் ஏன் கையை விட்டார்?’

அந்தக் கடிதம் வந்தபோது, அவள் கேமரா வாங்கியே பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்துக்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. கணவரிடம் காட்டவும் இல்லை. படிக்கட்டில் ஏறும்போது சில நாள் அவர் நின்று கேட்பாராம்.

“அந்தப் பெரியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாருல்ல?”

“சேர்ந்திருப்பார். வாங்க.”